பிள்ளைகளும் பூஞ்செடிகளும்

தில்லியில் குடியிருக்கும் நம்மவர்களிடம், "வீட்டில் என்ன செடி வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். ஒரு துளசி, ஒரு கறிவேப்பிலை, இடமிருந்தால் ஒரு மல்லிகை. அதற்கு மேல் துருவினால், "எதற்கு மாமி, மூன்று வருஷத்தில் மாற்றல் வந்துவிடும், யாருக்கு வைத்துவிட்டுப் போவது?" என்பார்கள். மத்திய அரசு, வங்கி, ராணுவம் என்று ஊர் ஊராகப் போகிறவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வாடகை வீட்டுக்காரர்கள் பாடும் இதேதான். பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்தால் பெட்டி படுக்கையோடு தொட்டியையும் தூக்கிக்கொண்டு படி இறங்க வேண்டும்.

இந்தக் கட்டுரையை முக்கியமாக அவர்களுக்காகவே எழுதுகிறேன். விதை போட்ட இரண்டு மாதத்தில் பூத்து, மூன்று நான்கு மாதத்தில் அடுத்த தலைமுறை விதையைக் கையில் கொடுத்துவிட்டு விடைபெறும் செடிகள் எத்தனையோ உண்டு. அந்த விதையை ஓர் அஞ்சல் உறைக்குள் போட்டு மடித்தால் போபாலுக்கும் வரும், குவாஹாட்டிக்கும் வரும். மாற்றல் வாழ்க்கைக்கு இதைவிடப் பொருத்தமான தோட்டம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பைச் சில ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே தமிழ் கிடைத்துவிடுகிறது. மற்றப் பிள்ளைகளுக்கு வீடும், வாரம் ஒருமுறை வரும் இந்த வகுப்பும்தான். அவர்களுக்கு 'சாப்பாடு', 'தூக்கம்', 'பாட்டி' எல்லாம் தெரியும். 'காம்பு' தெரியாது, 'அரும்பு' தெரியாது, 'கிள்ளு' என்றால் தம்பியைக் கிள்ளுவது மட்டும்தான் தெரியும். பொருள் கண்ணில் படாத சொல்லைக் கரும்பலகையில் எழுதி எத்தனை முறை சொல்லிக் கொடுத்தாலும் அடுத்த வாரம் அது இருக்காது. ஆகவே மூன்று ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் தொட்டியும் மண்ணும் கொண்டுவந்து வைத்தேன். சொற்கள் தாமாகவே ஒட்டிக்கொண்டன.

முதலில் பருவத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இதில்தான் நம்மவர்களுக்குக் குழப்பம். ஊரில் நாம் ஆடிப் பட்டம் பார்த்து விதைத்துப் பழகியவர்கள். தில்லியின் கணக்கு வேறு. இங்கே பருவமழை சராசரியாக ஜூன் 27ஆம் தேதி வாக்கில் வருகிறது. ஜனவரியில் இரவுக் குளிர் 7 டிகிரிக்கும் கீழே இறங்கும். மே மாதம் அனல் காற்று. இவை மூன்றுக்கும் இடையில் விதைக்க மூன்று வாசல்கள் இருக்கின்றன. நம் மாதக் கணக்கில் சொன்னால் மனத்தில் நிற்கும்: மாசி, ஆனி, புரட்டாசி. மாசிக் கடைசியில் சூரியகாந்தி, ஜினியா, வாடாமல்லி. ஆனியில் காசித்தும்பை, கோழிக்கொண்டை, சங்குப்பூ, இரண்டாம் முறையாக ஜினியா. புரட்டாசியில் செண்டுமல்லி, நாஸ்டர்ஷியம், இன்னும் குளிர்காலப் பூக்கள் எல்லாம். பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் மாளிகையின் அமிர்தத் தோட்டத்தில் (2023 வரை முகலாயத் தோட்டம் என்று அழைத்தோமே, அதுதான்) நீங்கள் பார்க்கும் வண்ணமெல்லாம் பெரும்பாலும் இலையுதிர்காலத் தொடக்கத்தில் விதைத்தவை. பூவைப் பார்த்துவிட்டு அந்த வாரமே அதே விதையை வாங்கிப் போட்டால் பயனில்லை. ஏப்ரல் வெயிலில் நாற்று கருகிவிடும்.

மண்ணைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். தோட்டத்து மண் ஒரு பங்கு, நன்றாக மக்கிய சாணி உரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. நர்சரிக்காரரிடம் 'கோபர் காத்' என்று கேளுங்கள். கையில் எடுத்தால் நாற்றம் அடிக்கக் கூடாது, தேயிலைத் தூள் போல் உதிர வேண்டும். சூடாகவோ நாற்றத்துடனோ இருந்தால் அது இன்னும் மக்கவில்லை என்று பொருள். வேரைச் சுட்டுவிடும். மணலுக்கு வீடு கட்டும் இடங்களில் கிடைக்கும் பதர்பூர் மணலே போதும். விதைப்பதற்குத் தொட்டிகூட வேண்டாம். தயிர் டப்பா, பால் பாக்கெட், தினசரித் தாளைச் சுருட்டிச் செய்த கிண்ணம் எல்லாம் ஆகும். அடியில் கோணி ஊசியால் நாலைந்து துளை போட மறக்காதீர்கள். துளை இல்லாத பாத்திரத்தில் விதை முளைப்பதைவிட அழுகுவதே அதிகம்.

விதைக்கு ஆழம் எவ்வளவு என்று பிள்ளைகள் கேட்பார்கள். விதையின் பருமனைப்போல் இரண்டு மூன்று மடங்கு என்பது பொது விதி. சூரியகாந்தி, நாஸ்டர்ஷியம், அந்திமந்தாரை போன்ற பெரிய விதைகளுக்கு ஒரு விரற்கடை. செண்டுமல்லிக்கு மேலே மெல்லிய மண் போர்வை. பொடிப் பொடியான விதைகளுக்கு அதுவும் வேண்டாம், மண்மேல் தூவி லேசாக அழுத்தினால் போதும். விரற்கடை என்ற சொல்லை இங்கேதான் அறிமுகப்படுத்துவேன். பன்னிரண்டு விரற்கடை ஒரு சாண், இரண்டு சாண் ஒரு முழம். சூரியகாந்தி வளர்ந்ததும் இந்த அளவுகளுக்கு வேலை வரும். எட்டு வயதுப் பையன் தன் சாணையும் தாத்தாவின் சாணையும் வைத்துப் பார்த்துவிட்டு, "பாட்டி, இது சரியான அளவே இல்லை, ஆளுக்கு ஆள் மாறுகிறது" என்று சண்டைக்கு வந்தான். அளவைகளின் வரலாறு முழுக்க அந்தச் சண்டைதான் என்று சொல்லி அனுப்பினேன்.

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால் விதைக் கடைக்கே போகாதீர்கள். அஞ்சறைப்பெட்டியைத் திறவுங்கள். கடுகும் கொத்தமல்லியும் விதைதானே! கடுகு மூன்று நான்கு நாளில் முளைக்கும். கொத்தமல்லியை உள்ளங்கையால் தேய்த்து இரண்டாகப் பிளந்து போடுங்கள். அது ஒரு விதை போலத் தோன்றும் இரட்டை. புரட்டாசி, ஐப்பசியில் போட்டால் மார்கழி, தை மாதங்களில் கடுகு மஞ்சளாகப் பூத்துக் குலுங்கும். பஞ்சாபுக்கு ரயிலில் போகும்போது இருபுறமும் பார்க்கும் மஞ்சள் வயல் இந்தக் கடுகுதான் என்று குழந்தைக்குக் காட்டலாம். தாளிக்கும்போது வெடிக்கும் அதே கடுகு பூ விடுகிறது என்பது பெரியவர்கள் பலருக்கே வியப்பு.

கடையில் வாங்கும் விதைக்கு ஒரு எச்சரிக்கை. சில பாக்கெட்டுகளில் விதை இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ சாயம் பூசியதுபோல் இருக்கும். அது பூஞ்சைக் கொல்லி மருந்து. அதைப் பெரியவர்களே போடட்டும். போட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பாக்கெட்டின் பின்புறம் முளைப்புத் திறன் எத்தனை சதவிகிதம், எந்தத் தேதியில் சோதித்தது என்று அச்சிட்டிருக்கும். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இது நல்ல கணக்கு. பத்து விதை எண்ணிப் போட்டு எத்தனை முளைத்தது என்று எழுதச் சொல்லுங்கள். கம்பெனி சொன்னதும் உங்கள் டப்பா சொல்வதும் ஒத்துப்போகிறதா பார்க்கலாம்.

இனி, காத்திருக்கும் நாட்கள். மிகவும் கடினமான பாடம் இதுவே. ஜினியாவும் செண்டுமல்லியும் நான்கிலிருந்து ஏழு நாளில் தலைகாட்டும். காசித்தும்பைக்கு ஒரு வாரம். அந்திமந்தாரைக்கும் நாஸ்டர்ஷியத்துக்கும் பத்து நாள் வரை. சங்குப்பூவுக்குத் தோல் கெட்டி. சொரசொரப்பான தரையில் லேசாக உரசி, இரவு முழுதும் நீரில் ஊறவைத்துப் போட வேண்டும், அப்போதும் இரண்டு வாரம் ஆகலாம். இந்த நாட்களில் பிள்ளைகளின் கையைக் கட்டிப்போடுவது கஷ்டம். ஒன்று, முளைத்துவிட்டதா என்று தோண்டிப் பார்ப்பார்கள். இல்லாவிட்டால் ஒரு நாளைக்கு ஐந்து முறை தண்ணீர் ஊற்றுவார்கள். தோண்டும் கைக்கு ஒரு வழி உண்டு. கண்ணாடித் டம்ளருக்குள் ஈரத்துணியைச் சுற்றி, துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இரண்டு விதையைச் செருகிவிடுங்கள். முதலில் வேர் இறங்குவதும் பிறகு தண்டு எழுவதும் அங்கே கண்ணுக்குத் தெரியும். தண்ணீருக்கு வழி: ஆள்காட்டி விரலை முதல் கணு வரை மண்ணில் விடச் சொல்லுங்கள். ஈரம் ஒட்டினால் இன்று தண்ணீர் இல்லை. தண்ணீர் பாட்டில் மூடியில் ஊசியால் துளைகள் போட்டுக் கொடுத்தால் அதுவே பூவாளி.

தண்ணீர் அதிகமானால் என்ன ஆகும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுவது நல்லது. நேற்றுவரை நிமிர்ந்து நின்ற நாற்றுகள் இன்று காலை கழுத்தில் ஒடிந்ததுபோல் சாய்ந்து கிடக்கும். நாற்றழுகல் என்பார்கள்; ஈர மண்ணில் வாழும் பூஞ்சைகளின் வேலை. சாய்ந்தவற்றைக் காப்பாற்ற வழியில்லை. மற்றவற்றையாவது காப்பாற்ற, நீரைக் குறைத்துக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். இன்னொரு எதிரி புறா. தில்லி பால்கனிகளைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். பழைய கொசுவலைத் துண்டு ஒன்று போதும்.

முளைத்ததும் முதலில் தெரிவது விதையிலைகள். எல்லாச் செடிக்கும் அவை ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். அடுத்து வரும் இலைகளில்தான் செடி தன் முகத்தைக் காட்டும். நான்கு உண்மை இலைகள் வந்ததும் மாலை வேளையில் பிடுங்கித் தனித்தனித் தொட்டியில் நடலாம். சூரியகாந்தி, நாஸ்டர்ஷியம், சங்குப்பூ மூன்றையும் பிடுங்கி நடாதீர்கள், வேர் கலைந்தால் கோபித்துக்கொள்ளும். முதலிலேயே அதனதன் இடத்தில் போட்டுவிடுங்கள்.

நாற்று நெருக்கமாக இருந்தால் கலைத்துவிட வேண்டும். இங்கே வகுப்பில் அழுகை வரும். "நன்றாகத்தானே இருக்கிறது, ஏன் பிடுங்க வேண்டும்?" என்று கேட்டால் பதில் சொல்வது எளிதல்ல. ஒரு டப்பாவில் கலைத்தும் இன்னொன்றில் கலைக்காமலும் விட்டுவிடுங்கள் என்பதே என் யோசனை. ஒரு மாதத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் நாம் பேச வேண்டியதில்லை. செண்டுமல்லி ஒரு சாண் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் விட்டுப் பூ பெருகும். இதற்கும் முதலில் எதிர்ப்பு வரும்.

செண்டுமல்லி என்றதும் இன்னொன்று. இங்கே 'கேந்தா' என்று மாலை கட்டி விற்கிறார்களே, அதுதான். நம்மில் பலர் அதைச் சாமந்தி என்று சொல்கிறோம். சாமந்தி வேறு செடி. செண்டுமல்லி மெக்ஸிகோவிலிருந்து கடல் கடந்து வந்தது. தில்லி பூசாவிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் இதில் 'பூசா நாரங்கி கேந்தா', 'பூசா பசந்தி கேந்தா' என்று ஆரஞ்சிலும் மஞ்சளிலும் இரண்டு ரகங்களை உருவாக்கியிருக்கிறது. பூசா என்பது பீகாரில் உள்ள ஊர். 1934 பூகம்பத்தில் அங்கே கட்டடம் இடிந்ததால் 1936இல் நிறுவனம் தில்லிக்கு வந்தது. வரும்போது ஊர்ப் பெயரையும் கொண்டுவந்துவிட்டது. இடம்பெயர்ந்தவர்கள் செய்கிற காரியம்தானே! அங்கே ஆண்டுதோறும் நடக்கும் வேளாண் மேளாவுக்குப் பிள்ளைகளை ஒருமுறை அழைத்துப் போங்கள்.

பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த செடி எது என்று கேட்டால் தயங்காமல் காசித்தும்பை என்பேன். இந்தியில் குல்மெஹந்தி. 'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்பதை இந்தச் செடியில் கண்ணாலேயே காட்டலாம். நாற்றின் தண்டு வெளிர் பச்சையாக இருந்தால் பூ பெரும்பாலும் வெள்ளை; தண்டில் சிவப்பு ஓடினால் பூவும் சிவப்பு அல்லது ரோஜா நிறம். பூக்கும் முன்பே எழுதி வைத்துவிட்டு, பூத்ததும் சரிபார்க்கலாம். இதைவிடப் பெரிய வேடிக்கை காய். முற்றிய காயைத் தொட்டவுடன் அது ஐந்தாகப் பிரிந்து சுருண்டு விதையைச் சுண்டி எறியும்.

போன ஆண்டு கோடையில் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த குடும்பத்தில் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி. இந்தி தெரியாது. பள்ளியில் வாயைத் திறப்பதே இல்லை என்று அவள் அம்மா வருத்தப்பட்டார். நம் வகுப்பிலும் மற்றப் பிள்ளைகள் தங்களுக்குள் இந்தியில் பேசிக்கொள்வதால் ஒரு மூலையில்தான் உட்கார்ந்திருப்பாள். காசித்தும்பை காய்த்த வாரம், ஒரு பையன் பச்சைக் காயைப் பிய்க்கப் போனான். "அதைத் தொடாதே, அது இன்னும் பிஞ்சு. இதோ, வெளுத்துப்போய் வயிறு உப்பியிருக்கு பார், அதை உள்ளங்கையில வச்சு மூடிக்கோ" என்று அவள் குரல் கேட்டது. அவன் மூடினான், அது கைக்குள்ளே வெடித்தது, அலறிவிட்டான். அப்புறம் ஆளாளுக்கு அவளிடம் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். எது பிஞ்சு, எது காய், எது முற்றல் என்று அன்று அவள்தான் பாடம் நடத்தினாள். பள்ளிக்கும் இரண்டு காயைத் தீப்பெட்டிக்குள் வைத்து எடுத்துப் போனாள் என்று பிறகு அவள் அம்மா சொன்னார்.

மொட்டு விடத் தொடங்கும்போது தமிழ்ப் பாடத்துக்கு அறுவடைக்காலம். அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று பூவின் ஏழு நிலைக்கும் நம் மொழியில் ஏழு பெயர். ஜினியாச் செடி ஒன்றிலேயே ஒரே நேரத்தில் இவை எல்லாவற்றையும் பார்க்க முடியும். உதிரும் பூ வீ, வாடிச் சுருங்கியது செம்மல். இலைக்கும் அப்படியே: கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு. மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். சிறு காகிதச் சீட்டுகளில் எழுதிக் கொடுத்து, சரியான இடத்தில் நூலால் கட்டச் சொல்லுங்கள். பெரிய பிள்ளைகளுக்கு, கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கியிருக்கிறார் என்றும், அவற்றில் வரும் கருவிளை இதோ இந்த நீலச் சங்குப்பூதான் என்றும் சொல்லலாம். இங்கே அதன் பெயர் அபராஜிதா. அந்த நீலப்பூ நாலைந்தை வெந்நீரில் போட்டு, நிறம் இறங்கியதும் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் நீலம் கத்தரிப்பூ நிறமாக மாறும். அமிலமும் காரமும் பற்றிப் படிக்கும் ஏழாம் வகுப்புப் பிள்ளை அன்று வீட்டில் ஆசிரியர் ஆகிவிடும்.

அந்திமந்தாரையும் அப்படித்தான். மாலை நாலு, ஐந்து மணிக்குப் பூக்கும். அலுவலகத்திலிருந்து தாமதமாக வரும் அப்பாக்களும் பார்க்க வாய்த்த பூ. சிவப்பையும் வெள்ளையையும் கலந்தால் ரோஜா நிறம், அந்த ரோஜா நிறச் செடிகளின் விதையிலிருந்து மீண்டும் சிவப்பு ஒன்று, ரோஜா இரண்டு, வெள்ளை ஒன்று என்ற விகிதம். ஜெர்மானிய விஞ்ஞானி காரென்ஸ் இந்தச் செடியை வைத்து ஆராய்ந்ததைப் பன்னிரண்டாம் வகுப்புக்காரர்கள் கேட்டிருப்பார்கள். ஆனால் இதன் விதை பார்ப்பதற்கு அச்சாக மிளகு. நச்சுத்தன்மை உள்ளது. வாயில் போட்டுப் பார்க்கும் வயதுக் குழந்தை உள்ள வீட்டில் இது வேண்டாம். அதே காரணத்தால் ஊமத்தை, அரளி, நித்தியகல்யாணி மூன்றையும் நான் வகுப்புக்குக் கொண்டுவருவதில்லை.

சூரியகாந்திக்கு, தின்பதற்கு வறுத்து விற்கும் விதை முளைக்காது. வறுக்காததாகக் கேட்டு வாங்குங்கள். இளஞ்செடியின் தலை காலையில் கிழக்கிலிருந்து மாலையில் மேற்குக்குத் திரும்பி, இரவில் மறுபடி கிழக்குக்கு வந்துவிடும். பூ முற்றிய பிறகு திரும்புவதை நிறுத்திக் கிழக்கு நோக்கியே நிற்கும். காலை வெயிலில் சீக்கிரம் சூடேறும் பூவுக்குத் தேனீக்கள் அதிகம் வருகின்றன என்று 2016இல் வெளியான கலிபோர்னியா ஆய்வு ஒன்று காட்டியது. குச்சி நட்டு வாரம் ஒரு கோடு போட்டு வாருங்கள். கோட்டுக்குப் பக்கத்தில் ௧, ௨, ௩ என்று தமிழ் எண்களில் எழுதச் சொன்னால் பிள்ளைகள் ரகசிய எழுத்துபோல் எழுதி மகிழ்வார்கள்.

விதை சேர்க்கும்போது முதலில் பூத்த நல்ல பூவைப் பறிக்காமல் செடியிலேயே காயவிடுங்கள். அதற்கு அடையாளமாக ஒரு நூல் கட்டி வைத்தால் பூஜைக்குப் பறிக்கிற பாட்டியின் கை அங்கே போகாது. செண்டுமல்லியின் காய்ந்த தலையைப் பிரித்தால் ஒரு முனை கறுப்பும் மறுமுனை வெளுப்புமாக ஊசிபோல் விதைகள் இருக்கும். நிழலில் ஒரு வாரம் உலர்த்திக் காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் வேண்டாம், ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். வீரியக் கலப்பின விதை வாங்கிப் போட்டிருந்தால் அடுத்த முறை அதே பூ வரும் என்று எதிர்பார்க்காதீர்கள், நிறமும் உருவமும் கலைந்து வரும். உறையின்மேல் பூவின் பெயர், சேர்த்த மாதம், ஊர், சேர்த்த பிள்ளையின் பெயர் நான்கையும் தமிழில் எழுத வேண்டும் என்பது எங்கள் வகுப்பின் சட்டம்.

சங்க நூலகத்தில் அகராதி அலமாரிக்குக் கீழ்த்தட்டில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது. அதில் இந்த உறைகள் கிடக்கும். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். எடுத்தவர்கள் பூத்த பிறகு கொஞ்சம் திருப்பிப் போட்டால் போதும். இப்போது அதில் செண்டுமல்லியும் ஜினியாவும் நிறைய இருக்கின்றன, காசித்தும்பை குறைவு. புரட்டாசி பிறக்கும் முன் வருபவர்கள் நாஸ்டர்ஷியமும் எடுத்துக்கொள்ளலாம். பட்டாணி அளவில் சுருங்கிய விதை, பழுப்பு உறை.